அக்கரைக்கு வீடு பார்க்கப் போன ஜீப்

கடலுக்கு நடுவில் இருக்கிற ஒரு தீவை ஒரே நாளில் ஜீப்பில் சுற்றி வந்தவன் நான். ரோடே கிடையாது. நாலு பக்கமும் தண்ணீர். வண்டி மாட்டிக்கொண்டால் தள்ளிவிட ஒரு ஆள் கிடையாது.

இதில் தண்ணீர் மட்டும்தான் நிஜம். அது கடல் இல்லை, பவானிசாகர் அணையின் தண்ணீர். நாலு பக்கமும் இல்லை, மூன்று பக்கம். நாலாவது பக்கம் காடு, அதில் யானை. தள்ளுவதற்கு ஆள் இருந்தார்கள். நாலு பேர் தள்ளியும் வண்டி நகரவில்லை என்பது வேறு. ஆனாலும் கணபதியில் நான் டீ குடிக்கிற கடைகளில் எல்லாம் கடல் என்றே சொல்லி வைத்திருக்கிறேன். ஒருத்தர் மட்டும் எந்தக் கடல் என்று கேட்டார். டீ ஆறிவிடும், குடியுங்கள் என்றேன்.

இப்போது கணபதியில் பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். தொண்ணூறுகளின் நடுவில் அங்கேயே ஒரு ஜீப் பட்டறையில் வேலையாக இருந்தேன். பட்டறை முதலாளி கோட்டைமேட்டு பாய். ராணுவத்தில் கழித்துப் போட்ட ஜீப்புகளை எடுத்து வந்து, தகரம் தட்டி, டீசல் எஞ்சின் ஏற்றி, புதுப் பெண் மாதிரி ஆக்கி விற்பார். அவர் கை பட்ட மட்கார்டில் முகம் பார்த்துத் தலை சீவலாம். நான் தினமும் அப்படித்தான் சீவினேன். பள்ளிக்கூடத்தில் மூன்றாவதோடு என்னை அனுப்பிவிட்டார்கள். பட்டறையில் எனக்கு எல்லா வேலையும் உண்டு. அதாவது எந்த வேலையையும் என்னை நம்பி முழுசாகக் கொடுக்க மாட்டார்கள்.

ஒரு நாள் காரமடைப் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருத்தர் வந்தார். மெல்லப் பேசுகிற மனுஷர். மகளுக்கு ஒரு வரன் வந்திருக்கிறது, வீடு பார்க்கப் போகவேண்டும், மாப்பிள்ளை ஊர் சிறுமுகையைத் தாண்டி ஓர் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிறது என்றார்.

"அக்கரைல தார் ரோடே கெடையாதாமுங்க பாய். என்ற அம்பாசடர் போகாது. உங்க ஜீப்பும் எடந்தெரிஞ்ச ஒரு டிரைவரும் ஒரு நாளைக்கு வேணுமுங்க."

எங்கள் டிரைவருக்கு மஞ்சள்காமாலை. மோர் குடித்துக்கொண்டு படுத்திருந்தான். பாய் யோசித்துக்கொண்டிருக்கும்போது என் வாய் என்னைக் கேட்காமல் திறந்தது.

"நான் போறனுங்க. கோத்தகிரி, தாளவாடி, பர்கூர் எல்லாம் நம்ம ஓட்டுன எடமுங்க."

என்னிடம் லைசென்ஸ் இருந்தது. ஆனால் நான் ஜீப் ஓட்டிய மொத்த தூரம், பட்டறை வாசலில் இருந்து எதிர் வேப்பமரம் வரைக்கும், பிறகு அதே தூரம் பின்னாலும்தான். தோட்டக்காரர் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு அந்தப் பக்கம் போனதும் பாய் என் காதோடு சொன்னார்.

"டேய், நீ கோத்தகிரியப் பாத்ததே பஸ்ஸு போர்டுலதான். வாயில ஓட்டாம கியர்ல ஓட்டு. வண்டிக்கு ஒண்ணு ஆச்சுன்னா இஞ்சினுக்குப் பதிலா உன்னயத்தான் பூட்டி இழுப்பேன்."

ஆனி மாசம் பிறந்து நாலைந்து நாள் இருக்கும். காலையில் காரமடைத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். வழியில் எஞ்சின் மூன்று தடவைதான் நின்றது. அங்கே பெண்ணின் அப்பா, பெண்ணின் தாய்மாமன், அப்பாவுடைய அக்கா என்று மூன்று பேர் தயாராக இருந்தார்கள். தாய்மாமன் மீசையும் சத்தமுமாக இருந்தார். அந்த அக்காவை, அதாவது பெண்ணுக்குப் பெரிய அத்தையை, எல்லாரும் பார்த்துப் பார்த்து நடந்துகொண்டார்கள். அந்தம்மா பேசவே இல்லை. நாலாவதாக வரவேண்டிய பங்காளி வீட்டில் மாடு ஈன்றுகொண்டிருந்ததாம், வரவில்லை.

"மூணு பேராப் போயி நல்ல காரியம் பேசறதா? வெளங்கும்" என்றார் தாய்மாமன். சுற்றிப் பார்த்தார். அவர் கண்ணுக்கு நான்தான் கிடைத்தேன்.

உள்ளே கூட்டிப்போய் பெண்ணின் அப்பாவுடைய வெள்ளைச் சட்டையும் வேட்டியும் கொடுத்தார்கள். சட்டைக்குள் இன்னொரு ஆள் வாடகைக்குக் குடி வரலாம் போல இடம் இருந்தது. "நீ பங்காளி ஊட்டுப் பையன். கேட்டா அப்பிடித்தான் சொல்லோணும். எச்சா வாயத் தொறக்காதே" என்றார் தாய்மாமன்.

பெண்ணின் அப்பா மட்டும் இன்னொன்றும் சொன்னார். "கண்ணு, அங்க போயித் தண்ணிகூட வாங்கிக் குடிக்கக் கூடாது. நமக்குப் புடிச்சாத்தான் அந்த ஊட்டுல கை நனைக்கோணும். ஒரு ஆளு நனைச்சாலும் எல்லாரும் நனைச்ச மாதிரி. அப்பறம் மாத்திப் பேச முடியாது."

எனக்குத் தெரியாத வழக்கமா. என் சொந்த அண்ணனுக்குப் பெண் பார்த்தபோது நாலு வீட்டில் பட்டினியாக உட்கார்ந்துவிட்டு வந்தவன் நான். "அதெல்லாம் நீங்க சொல்லோணுமுங்களா" என்றேன்.

சிறுமுகை தாண்டி வாழைத் தோப்புகளுக்கு நடுவில் போய், ஆற்றின் தரைப்பாலத்தில் நிறுத்தினேன். அணை நிறைய நிறையத் தண்ணீர் பின்னால் ஏறி வந்து இந்தப் பாலத்தை முழுங்கிவிடும். அப்புறம் அக்கரையில் இருக்கிற மூன்று ஊருக்கும் பரிசல்தான். அன்றைக்குப் பாலத்துக்கு ஒரு முழம் கீழே தண்ணீர் கிடந்தது. மழை மலையில் பிடித்திருந்தது.

பாலத்தின் அந்தப் பக்கத்தில் ஒரு பெண் நின்றிருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கலாம். சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகியிருந்தாள். கையில் அவளைவிட உயரமான மூங்கில் கம்பு.

"வாங்க, வாங்க. நான் மாப்பளைக்கு அக்காளுங்க. ஊட்டுக்காரரு இங்க பரிசல் போடறாரு, அவருக்கு முடியாத நாள்ல நான் போடுவேன். ஊட்டுக்கு நேராப் போனாப் பத்து நிமிசமுங்க. ஆனா மொதல்ல ஊரெல்லாம் பாத்துப்போட்டு அப்பறமா ஊட்டுக்கு வாங்க."

"ஊட்டப் பாக்க வந்தவங்களுக்கு ஊரு எதுக்கும்மா" என்றார் தாய்மாமன்.

"முன்னால நாலு கூட்டம் வந்தாங்க. மூணு கூட்டம் இந்தப் பாலத்தப் பாத்துட்டே வண்டியத் திருப்பிட்டாங்க. நாலாவது கூட்டத்துக்கு நாங்க ஊட்ட மட்டும் காட்டுனமுங்க. பேசி முடிச்சுட்டுப் போனாங்க. ஆடில தண்ணி ஏறுனதும், இதச் சொல்லவே இல்லியேன்னு ஆளனுப்பி வேண்டாமின்னுட்டாங்க. தம்பிக்கு முப்பத்திமூணு ஆச்சு. இதுவும் போச்சுன்னா இனி எனக்குப் பொண்ணே பாக்காதீங்கன்னு சொல்லிப்போட்டானுங்க. அதனால இந்தத் தடவ எல்லாத்தையும் நானே காட்டறேன். பாத்துட்டு வேண்டாமின்னா இங்கயே சொல்லிருங்க."

அவ்வளவையும் சிரித்த முகத்தோடு சொன்னாள். சொல்லி முடிக்கும்போது கம்பு குத்திக் குத்தி மண்ணில் ஒரு குழி விழுந்திருந்தது.

அவள் முதலில் காட்டியது ஒரு மரம். பாலத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்த மருத மரத்தில் என் தலைக்கு மேலே இன்னும் இரண்டு ஆள் உயரத்தில் மண் கோடு ஒன்று இருந்தது. "இது போன வருசத்துத் தண்ணிங்க" என்றாள். தாய்மாமன் மீசையைத் தொட்டுக்கொண்டு மேலே பார்த்தார். பெரிய அத்தை ஜீப்பை விட்டு இறங்கிப் போய் மரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

அங்கிருந்து தண்ணீர் ஓரமாகவே போனோம். அது ரோடு இல்லை, அணையின் வயிறு. தண்ணீர் இறங்கிய மாசங்களில் வெளியே தெரிகிற மண். எங்கே பார்த்தாலும் பட்ட மரங்கள் கையைத் தூக்கிக்கொண்டு நின்றன. ஒவ்வொரு மரத்திலும் ஒரு நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயப்போட்டிருந்தது. தூரத்தில் கூழைக்கடாக்கள் மிதந்தன. அக்கரையில் நீலமாக மலை. நான் அதுவரைக்கும் பார்த்த பெரிய தண்ணீர் உக்கடம் குளம்தான். வாயைப் பிளந்துகொண்டு ஓட்டினதில் ஒரு பூச்சியையும் முழுங்கிவிட்டேன்.

அவள் ஜீப்பில் ஏறவில்லை. முன்னால் நடந்தாள். செருப்பில்லாத கால் மண்ணில் படும்போதே அவளுக்குத் தெரிந்துவிடும் போலிருந்தது. கம்பை ஒரு குத்து, தலையை ஒரு ஆட்டு, நான் அவள் பின்னாலேயே உருட்டவேண்டும். மண் வெளுத்துப் பொருக்கு உதிர்ந்திருந்தால் வண்டி தாங்கும். மாட்டுக் குளம்பு போன தடம் இருந்தால் தாங்கும். வழுவழுவென்று கறுப்பாக மினுங்கினால் கிட்டப் போகக்கூடாது, நண்டு வளை இருந்தால் சுற்றிப் போகவேண்டும். இதெல்லாம் அவள் எனக்குப் பாடம் நடத்தவில்லை. தாய்மாமன்தான் ஒவ்வொரு வளைவிலும் "ஏம்மா, நேராப் போனா என்ன" என்று கேட்டார், அவள் ஒவ்வொரு தடவையும் பொறுமையாகப் பதில் சொன்னாள்.

வழியெல்லாம் அவள் தன் ஊரின் குறைகளைத்தான் காட்டிக்கொண்டு வந்தாள். நான் எத்தனையோ பேர் வண்டி விற்கப் பார்த்திருக்கிறேன். பாய்கூட, எண்ணெய் ஒழுகுகிற பக்கத்தைச் சுவரோரம் திருப்பி நிறுத்துவார். இவள் ஒழுகுகிற பக்கத்தை முதலில் திறந்து காட்டினாள்.

அணைக்குள்ளேயே நட்டிருந்த வாழையைக் காட்டி, "இது சூதாட்டமுங்க. தண்ணி மெல்ல வந்தா தார் வெட்டிருவோம். முன்னால வந்தா தண்ணிக்கு. தம்பிது மேட்டுல ரெண்டு ஏக்கரா இருக்குது, அது முழுகாது. இங்க இருக்கறது ரெண்டு வருசத்துல ஒரு வருசம் கைக்கு வரும்" என்றாள்.

முதல் ஊரில் பள்ளிக்கூடத்தைக் காட்டினாள். தண்ணீர் நின்றால் வாத்தியார் பரிசலில் வருவார் என்றாள். கொஞ்சம் பொறுத்து, "வந்தாருன்னா" என்று சேர்த்துக்கொண்டாள். மலையடிவாரத்தில் இருந்த அடுத்த ஊரில் தடத்துக்கு நடுவில் யானை லத்தி குவிந்திருந்தது, இன்னும் ஆவி போகவில்லை. தாய்மாமன் ஜீப்பை வேகமாக எடுக்கச் சொன்னார். நான் எடுத்த வேகத்தில் எஞ்சின் நின்றுவிட்டது. எல்லாரும் காட்டையே பார்த்தார்கள். நான் மட்டும் எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியிடமும் தனித்தனியாகப் பேசினேன்.

பரிசல் துறையில் பெண்ணின் அப்பா கேட்டார். "ஏனுங் அம்மிணி, என்ற புள்ள காரமடைல டைப்பிங் கிளாஸ் போகுது. ஹையர் பரிச்ச எழுதற வரைக்கும் விடமாட்டேங்குது. வாரத்துல மூணு நாளு. அதக் கேட்டுட்டு வாங்கப்பான்னு சொல்லிவிட்டுது."

"தண்ணி நிக்கிறப்ப நானே ஏத்தி எறக்கி உடறனுங்க. மழ பேயாத நாளு போலாம். காத்தும் மழயுமா இருந்தா ஆரையும் ஏத்த மாட்டேன், என்ற புள்ளையா இருந்தாலும். மாசத்துல நாலஞ்சு நாளு அப்பிடிப் போயிரும்."

"அப்பிடின்னா பரிச்ச அன்னிக்கு மழ வந்தா?"

"மொத நாளே கூட்டிட்டுப் போயி அக்கரைல என்ற சின்னம்மா ஊட்டுல விட்டுருவேன்."

"எல்லாத்துக்கும் ஒண்ணு வெச்சிருக்குது பாரு" என்றார் தாய்மாமன். திட்டினாரா மெச்சினாரா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

இதுவரைக்கும் வண்டி ஒழுங்காக வந்தது, அவள் காலடியை விட்டு நான் விலகாததால். துறையைத் தாண்டியதும் ஒரு பெரிய வெளி வந்தது. தார் போட்ட மாதிரி கறுப்பாக, சமமாக, மினுமினுவென்று கிடந்தது. அவள் அதைச் சுற்றிக்கொண்டு மேட்டோரமாக நடந்தாள். எனக்கு அந்த மாதிரி ரோடு காலையில் இருந்து கிடைக்கவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்கு என் கைவரிசையைக் காட்ட இதைவிட்டால் இடம் இல்லை. விட்டேன் நேராக.

முப்பது அடி போயிருப்பேன். பிறகு வண்டி முன்னால் போகாமல் கீழே போனது. சக்கரம் சுற்றச் சுற்றச் சேறு பின்னால் பறந்து தாய்மாமனின் வெள்ளைச் சட்டையில் படம் வரைந்தது. நான் ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டே இருந்தேன். எடுத்த வீரத்தை நடுவில் விடக்கூடாது இல்லையா.

"நிறுத்துடா, நிறுத்துடா. கோத்தகிரில இப்பிடித்தான் ஓட்டுனயா?"

அவள் திரும்பி வந்தாள். பக்கத்துத் தோட்டத்தில் இருந்து காய்ந்த வாழை மட்டைகளைச் சுமந்துவந்து நாலு சக்கரத்துக்கும் முன்னால் திணித்தாள். வாழை வெட்டிக்கொண்டிருந்த இரண்டு பேரைக் கூப்பிட்டாள். அவர்கள் தள்ள, தாய்மாமன் தள்ள, பெண்ணின் அப்பா தள்ள, வண்டி உறுமியதே தவிர நகரவில்லை. அவள் ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங் தம்பி, பெரிய கம்பிக்குப் பக்கத்துல ஒரு குட்டிக் கம்பி இருக்குதே, அது எதுக்குங்க? காட்டிலாக்கா ஜீப்பு வந்தா இங்க வந்ததும் அதத்தான் அமுத்துவாங்க."

அது நாலு சக்கரத்துக்கும் ஓட்டம் கொடுக்கிற கியர். காலையில் இருந்து நான் அதைத் தொடவே இல்லை. அந்த ஜீப்பின் அந்தக் கம்பிக்குக் குமிழ் மாட்டியதே நான்தான்.

அமுத்தினேன். வண்டி எருமை மாதிரி ஒரு உலுக்கு உலுக்கி மேலே ஏறி வந்துவிட்டது. பெரிய அத்தை அன்றைக்கு முதல் தடவையாக வாயைத் திறந்தார். சிரிப்பதற்கு.

மத்தியானம் ஒரு மணிக்கு மூன்றாவது ஊரில் மாப்பிள்ளை வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். ஓட்டு வீடு, முன்னால் வேப்பமரம். மாப்பிள்ளை கறுத்து, உயரமாக, வெட்கத்தில் வாழைத் தாரைத் தூக்கி இங்கிருந்து அங்கே வைத்துக்கொண்டிருந்தார். எங்கள் ஆட்கள் கட்டிலில் உட்கார்ந்தார்கள். செம்பில் தண்ணீர் வந்தது. யாரும் தொடவில்லை. வந்த மூன்று பேரும் செம்பைப் பார்ப்பதும், அக்காள்காரி அவர்களைப் பார்ப்பதுமாக இருந்தது.

சேற்றில் முக்கியதில் ஜீப்பின் ரேடியேட்டர் கொதித்துக்கொண்டிருந்தது. நான் கேனை எடுத்துக்கொண்டு தண்ணீர் தேடிப் போனேன். பக்கத்து இட்டேரியில், இரண்டு வேலிக்கு நடுவே திரும்பி, இன்னொரு திருப்பம் திரும்பினால், ஒரு வீட்டின் பொடக்காளி வந்தது. கொல்லையில் அடுப்பு எரிந்தது. ஓர் அம்மா ஒப்பிட்டு, அதாவது போளி, தட்டிக்கொண்டிருந்தார். பருப்பும் வெல்லமும் நெய்யும் வாசம்.

நான் கண்ணைக் கட்டிவிட்டாலும் காரமடைக்கு வழி சொல்வேன் என்று பீற்றிக்கொள்கிறவன். இரண்டு திருப்பம் திரும்பியதில் அதே வீட்டின் பின்பக்கத்துக்கு வந்திருக்கிறேன் என்று எனக்குத் தெரியவில்லை. இது வேறு யார் வீடோ என்று நினைத்தேன்.

"வாங்க தம்பி. உண்டுட்டுப் போங்க" என்றார் அந்த அம்மா. குரல் நடுங்கியது. பெண் வீட்டுப் பங்காளி கை நனைக்க வந்துவிட்டான் என்று நினைத்து நடுங்குகிறது என்று நான் எங்கே கண்டேன்.

"இல்லீங்க, தண்ணிக்கு வந்தேன்" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தேன். இலை விழுந்தது. அரிசிம்பருப்புச் சோறு, மேலே நெய், தொட்டுக்க வாழைப்பூ. அப்புறம் ஒப்பிட்டு. ஒன்று மரியாதைக்கு, ஒன்று ருசிக்கு, மீதி மூன்றுக்குக் காரணம் தேடவில்லை. அந்த அம்மா எனக்குப் பரிமாறும்போது முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுப்புப் புகை என்று நினைத்தேன்.

கையைக் கழுவிவிட்டுக் கேனோடு வாசலுக்கு வந்தேன். எனக்கு முன்னால் அந்த அம்மா வீட்டுக்குள் நுழைந்து நேராக வாசல் பக்கம் வந்துவிட்டிருந்தார். கையில் நாலு வாழை இலை.

"உங்க பையன் நல்லா உண்டாப்லைங்க. நீங்களும் உள்ள வாங்க, எலை போடறேன்."

அப்போதுதான் எனக்கு வீடும் கொல்லையும் ஒன்றாகச் சேர்ந்தது. நெய் மணக்கிற கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

தாய்மாமன் எழுந்து நின்றார். "என்றா பண்ணிப்போட்டே?"

"ரேடியேட்டருக்குத் தண்ணி..." என்றேன்.

"ரேடியேட்டர் உண்டுதா, நீ உண்டயா?"

பெண்ணின் அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அவர் இன்னும் முடிவு பண்ணவில்லை. மரத்தில் இருந்த மண் கோடு அவர் கண்ணிலேயே நின்றிருக்கும். ஆனால் பங்காளி பையன் கை நனைத்தாயிற்று. இனி இல்லை என்று சொன்னால் அந்த வீட்டை ஊரறிய அவமானப்படுத்தின மாதிரி. நான் டிரைவர் என்று சொன்னால், நாம் பொய் சொல்லிக்கொண்டு வீடு பார்க்க வந்தோம் என்று ஆகும். மாப்பிள்ளை கையில் இருந்த தாரை மெல்லக் கீழே வைத்தார். பக்கத்து வீட்டு வேலியில் ஏழெட்டுத் தலைகள் தெரிந்தன.

ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்திருந்தால் அக்காள்காரிக்குக் காரியம் முடிந்திருக்கும். நாலு கூட்டம் திரும்பிப் போன வீடு. அவள் தம்பி இதுதான் கடைசி என்று சொல்லியிருக்கிறான். அவள் செய்யவேண்டியதெல்லாம் அம்மா கையில் இருந்து இலையை வாங்கி விரிப்பதுதான்.

அவள் இலையை வாங்கினாள். வாங்கி, சுருட்டி, கூரை எரவாணத்தில் செருகினாள்.

"அம்மா, சித்த இரு. அவரு பங்காளி இல்ல, வண்டிக்காரரு. பசிக்கு உண்டுருக்கறாரு. அது கணக்கில்ல."

"அதெப்பிடிம்மா உனக்கு..." என்று ஆரம்பித்தார் தாய்மாமன்.

"காலைல பாலத்துலயே தெரியுமுங்க. நகத்துல பூராக் கிரீசு. சட்டை மட்டும் அவுங்கப்பன் சட்டையாட்டம் தொங்குது. மூணு பேரா வரக்கூடாதுன்னு கூட்டியாந்திருப்பீங்க. நாங்களும் போன மாசம் சொந்தத்துல ஒருத்தருக்குப் பொண்ணு பாக்கப் போனப்ப அப்பிடித்தான் கடைக்காரர ஒருத்தரச் சித்தப்பான்னு சொல்லிக் கூட்டிட்டுப் போனமுங்க." பிறகு பெண்ணின் அப்பாவைப் பார்த்துச் சொன்னாள். "நீங்க யோசிக்கோணும்னா யோசிச்சுச் சொல்லுங்க. நாங்க ஒண்ணும் நெனைக்க மாட்டோம்."

என்னால் தலை தூக்க முடியவில்லை. திட்டியிருந்தால் திரும்பிச் சிரிப்பு மூட்டுகிற மாதிரி ஏதாவது சொல்லியிருப்பேன், அது எனக்குக் கை வந்த வேலை. கேனில் இருந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பெரிய அத்தை கட்டிலில் இருந்தபடியே கேட்டார். "ஏங் கண்ணு, நீ சும்மா இருந்திருந்தா முடிஞ்சிருக்குமில்ல?"

"முடிஞ்சிருக்குமுங்க. ஆனா தண்ணி ஏறுனா அந்தப் புள்ள இந்தத் திட்டுல என்ற கூடத்தான இருக்கோணும். நாலு மாசம் எம் மூஞ்சியத்தான பாக்கோணும்."

பெரிய அத்தை அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். காலையில் மருத மரத்தைச் சுற்றிப் பார்த்த அதே பார்வை. பிறகு எழுந்து வாசல் ஓரத்துக்குப் போய் இரண்டு கையையும் நீட்டினார்.

"கைக்குத் தண்ணி ஊத்து."

அவள் செம்பை எடுத்து அவசரமாகச் சாய்த்தாள். பாதித் தண்ணீர் சேலையில் கொட்டியது.

"ஏனுங்க, ஒரு வார்த்த பேசிப்போட்டு..." என்றார் தாய்மாமன்.

"நீ காலைல இருந்து பேசிட்டுத்தான இருக்கறே. என்ன பேசுனே? புள்ள கேட்டு அனுப்புனதுக்குப் பதில் வந்துதா இல்லியா? வந்துது. மழ பேஞ்சா போக முடியாதுன்னு சொல்லிச்சுது பாரு, அதுக்கே நான் சரின்னுட்டேன். போடுற மண்ணுல வெளையுதோ இல்லியோ, இவ கைல என்ற மருமவ பத்தரமா இருப்பா. நீ வேணும்னா வண்டில போயி நாம கொண்டாந்த முறுக்கத் தின்னு."

பெண்ணின் அப்பா எழுந்து அக்கா பக்கத்தில் போய்க் கையை நீட்டினார். அவர் கண்ணில் இருந்த பயம் முழுசாகப் போகவில்லை. கடைசியாகத் தாய்மாமன். அவருக்கும் பசி. மாப்பிள்ளை உள்ளே ஓடி, எதற்கு ஓடினோம் என்று தெரியாமல் வெறும் கையோடு திரும்பி வந்தார்.

எனக்கும் மறுபடியும் இலை போட்டார்கள். நான் உண்டேன். இந்தத் தடவை முறையாக.

சாயங்காலம் கிளம்பும்போது தரைப்பாலத்தில் தண்ணீர் ஏறியிருந்தது. ஒரு சாண்தான், ஆனால் பாலம் எங்கே முடிகிறது, ஆறு எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. அவள் கம்போடு முன்னால் இறங்கினாள். "நான் நிக்கிற எடத்துக்கு நேரா வந்தாப் போதுமுங்க தம்பி. அந்தக் குட்டிக் கம்பிய மறந்துராதீங்க" என்றாள்.

ஜீப்பில் தாய்மாமன் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சேற்றுச் சட்டையோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கீழே குதித்தார்.

"இந்நேரம் வரைக்கும் வழி காட்டுன பொம்பள, அது வேற. இப்ப ஒறம்பரை, சொந்தக்காரி. ஒறம்பரை தண்ணிக்குள்ள நடக்க நான் மேல ஒக்காந்துட்டு வாறதா?" என்று யாரோ மறுத்தமாதிரி சத்தம் போட்டுக்கொண்டே அவளுக்குப் பக்கத்தில் போய்க் கம்பின் மறு நுனியைப் பிடித்துக்கொண்டார். "நீ வலப்பக்கம் பாரு அம்மிணி, நான் எடப்பக்கம் பாக்கறேன்."

"எடப்பக்கம் பள்ளமுங்க மாமா. பாத்து."

அவள் மாமா என்று கூப்பிட்டதும் அவர் நடை மாறிவிட்டது. இரண்டு பேரும் ஒரே கம்பைப் பிடித்துக்கொண்டு, தண்ணீரைக் காலால் தடவித் தடவி முன்னால் போனார்கள். பின்னால் பெரிய அத்தை, கல்யாணத்தை ஆவணி முதல் முகூர்த்தத்தில் வைப்பதா, தண்ணீர் வடிந்த பிறகு தையில் வைப்பதா என்று தம்பியிடம் கேட்டுக்கொண்டிருந்தார். தம்பி, மகளைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். நான் குட்டிக் கம்பியை அமுத்தி, முதல் கியர் போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு பாதிப் பாலம் வரைக்கும் வந்துவிட்டேன். அங்கேதான், தாய்மாமன் கையைத் தூக்கி நிறுத்து என்றார், நான் கிளச்சு என்று நினைத்து மிதித்தது...

"ஏனுங்ணா, கடைல ஆளிருக்கீங்களா? டயர் ரெண்டும் பஞ்சருங்க, ஸ்கூலுக்குப் புள்ளயக் கூப்பிடப் போகோணும்."

வாரனுங்க, வாரேன். மீதியைப் பஞ்சர் ஒட்டிவிட்டு வந்து சொல்கிறேன்.